ஆளில்லாத் தெருக்கள்: பழைய படங்களில் பெங்களூர்

பெங்களூரின் மிகப் பழைய புகைப்படங்களை முதன்முறை காண்பவர், அந்நாளில் இந்நகரில் மனிதரே வாழவில்லையோ என ஐயுறுதல் இயல்பு. அகன்ற வீதி இருக்கும். இருமருங்கும் மரங்கள் நிற்கும். தொலைவில் மாதாகோவிலின் கோபுரம் தெரியும். ஆள் நடமாட்டம் மட்டும் இராது. ஊர் வெறிச்சோடிக் கிடந்ததனால் அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒரு படம் பதிவதற்குப் பல விநாடிகள், சிலபோது சில நிமிடங்களே கூட, காமிராவின் கண் திறந்திருக்க வேண்டும். அசையாத கட்டடம் தெளிவாகப் பதியும். குடத்தோடு நடந்த பெண்ணும், மாட்டை ஓட்டிச் சென்றவனும் பதியாமல் மறைந்துபோவார்கள். மிஞ்சினால் ஒரு புகைக்கோடு மிஞ்சும்.

ஹெப்பகோடியிலும் அதனைச் சூழ்ந்த தொழிற்பேட்டைகளிலும் வாழ்வு தேடி வந்திருக்கும் நம்மவர்க்கு இச்செய்தியோடு தனி உறவு உண்டு. அவ்வாறு மறைந்துபோனவர்களுள் தமிழர் பலர். 1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் தம் படையை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு மாற்றினர். அது சென்னைப் படை. ஆகவே சிப்பாய்களும், அவர்களைத் தொடர்ந்து வணிகரும் கொத்தரும் தச்சரும் சமையற்காரரும் தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்து கண்டோன்மெண்டில் குடியேறினர். மதராஸ் சாப்பர் படைவீரரைத் 'தம்பி' என அழைக்கும் வழக்கம் அப்படையில் இன்றும் உண்டு. ஒரு சொல் நிலைத்த அளவுக்கு அச்சொல்லுக்கு உரியோரின் முகங்கள் நிலைக்கவில்லை.

அக்காலப் படங்களில் மனிதர் அறவே இல்லை என்பதற்கில்லை. பெங்களூரிலிருந்த சென்னைப் படையைச் சேர்ந்த லின்னேயஸ் டிரைப் என்பவர் 1854-இன் இறுதியில் பேலூர், ஹளேபீடு கோயில்களைப் படமெடுத்தார். பின்னர்ச் சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக அமர்ந்து, 1857, 1858-ஆம் ஆண்டுகளில் ஓசூருக்கு அப்பாலுள்ள இராயக்கோட்டை தொடங்கித் தஞ்சை, மதுரை வரை சென்றார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை இருபத்தொரு படங்களாக எடுத்து ஒன்றாக ஒட்டிய அவர் முயற்சி வியக்கத்தக்கது. வெற்று வானம் அழகாயில்லை என்று கருதியபோது, மெழுகிட்ட தாளாலான தம் மூலப்படத்தில் மேகங்களை வண்ணங்கொண்டு தீட்டிச் சேர்த்தவரும் அவரே! பழைய படம் பொய் சொல்லாது என்பார்க்கு இதனை நினைவூட்டலாம்.

இத்தகைய படங்களில் சிற்சில வேளை, தூணின் உயரம் விளங்கும்பொருட்டு ஓர் ஆளை அதனருகே நிறுத்தியிருப்பார்கள். மூச்சடக்கி நின்ற அவன் பதிந்துவிட்டான். கோயிலின் பெயர் படத்தின் கீழ் இருக்கிறது. அவன் பெயர் இல்லை. பிற்காலத் தொகுப்புகளின் அட்டவணையில் இத்தகையோர் 'சுதேசிகள் சிலர்' என்ற அளவோடு நின்றுவிடுகின்றனர். மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நமக்கு, ஒரு மனிதனை இவ்வளவு சிக்கனமாகப் பெயர்த்த சொல் வேறு அகப்பட்டதில்லை.

அட்டார கச்சேரியின் படங்கள் பெரிதும் புகழ்பெற்றவை. 1868-இல் கட்டி முடிந்த அச்செந்நிற மாளிகையில் இன்று கர்நாடக உயர்நீதிமன்றம் நடைபெறுகிறது. அதனைக் கட்டும் ஒப்பந்தத்தை ஏற்றவர் ஆற்காட்டிலிருந்து வறியவராய் வந்து பெருவணிகரான நாராயணசாமி முதலியார்; 1873-இல் எளிய பிள்ளைகளுக்கெனப் பள்ளி நிறுவியவரும் அவரே. அவர் பெயரையேனும் நகரம் நினைவிற் கொண்டிருக்கிறது. கல் சுமந்தவர்களின் பெயரை எந்தப் படத்தின் கீழே தேடுவது?

சாமானிய மக்கள் படத்தின் நடுவிடத்துக்கு வந்த காலமும் ஒன்று உண்டு. அது பஞ்சத்தின் காலம். 1876 முதல் 1878 வரை மைசூர் நாட்டையும், சேலம், வட ஆற்காடு முதலிய தமிழ் மாவட்டங்களையும் பெரும் பஞ்சம் வாட்டியது. 1871-இல் ஐம்பது லட்சத்துக்கும் மேலிருந்த மைசூரின் மக்கள்தொகை 1881-இல் நாற்பத்திரண்டு லட்சத்துக்கும் கீழே போயிற்று. பெங்களூரில் நிவாரணத்துக்காகக் காத்திருக்கும் மக்களின் சித்திரம் ஒன்று 1877 அக்டோபர் 20-ஆம் நாள் லண்டனின் படப் பத்திரிகையொன்றில் வெளிவந்தது. சென்னைப் படை அதிகாரியான ஹூப்பர், எலும்புந்தோலுமாய் இருந்தவர்களை வரிசையாக அமர்த்திப் புகைப்படங்கள் எடுத்தார். படமெடுத்ததன்றி அவர்களுக்கு உதவினாரில்லை என்னும் பழி அவர்மீது எழுந்தது. அப்படங்களில் எவருடைய உருவமும் கலையவில்லை. அசையும் வலிமை அவர்களிடத்தே இல்லை.

அசையாதிருந்தவற்றுள்ளும் பின்னாளில் மறைந்தவை உண்டு; அவை பெங்களூரின் ஏரிகள். தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் இன்று கெம்பேகௌடா பேருந்து நிலையம் இருக்கிறது. ஊரிலிருந்து வரும் நம்மவர் பலர் முதலடி வைப்பது ஒரு ஏரியின் மடியில்தான். சம்பங்கி ஏரி கண்டீரவா விளையாட்டரங்கமாயிற்று. கரகத் திருவிழாவின் சடங்குக்காக ஒரு சிறு குளத்தின் அளவே எஞ்சியுள்ளது.

கோட்டையையும் கண்டோன்மெண்டையும் சுற்றித் திரிந்த பழைய காமிராக்காரர்கள் ஹெப்பகோடி போன்ற சிற்றூர்களை நாடி வந்தது அரிது. அக்குறை இப்போது தீர்ந்துவிட்டது. 2025 ஆகஸ்ட் 10-ஆம் நாள் பொம்மசந்திரா வரையிலான மெட்ரோ ரயில் பாதை இவ்வூர் வழியே திறக்கப்பட்டபோது, கையிலுள்ள தொலைபேசியால் படமெடுக்காதவர் எத்தனை பேர்? ஓடுகிறவரும் இன்று தெளிவாய்ப் பதிகின்றனர். பெயர் மட்டும் இன்றும் பதிவதில்லை.

அல்சூரிலும் சிவாஜிநகரிலும் பல தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்களின் டிரங்குப் பெட்டிகளில், திரைச்சீலையின் முன் நாற்காலியைப் பற்றி நிற்கும் தாத்தாக்களின் ஸ்டூடியோப் படங்கள் கிடக்கின்றன. நிற்பவர் இன்னார் என்று சொல்லக்கூடிய முதியவர்கள் சில வீடுகளிலேனும் இன்னமும் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டுப் பெயரையும் ஊரையும் ஆண்டையும் படத்தின் பின்புறத்தில் எழுதி வைக்கலாம். பேனா மை நாளடைவில் முகத்தின் பக்கம் ஊறிவிடும். அழுத்தாமல் எழுதும் மெல்லிய பென்சிலே ஏற்றது.