லேப்டாப் ஸ்டாண்ட் வாங்கப் போறீங்களா? முதல்ல இன்ச் டேப்பை எடுங்க

2024 நவம்பரில் டெல்லியின் காற்று மூச்சுவிட முடியாத நிலைக்குப் போனபோது, அரசு ஊழியர்களில் பாதிப் பேர் வீட்டிலிருந்து வேலை செய்ய வேண்டும் என்று டெல்லி அரசு அறிவித்தது. இந்த ஊரில் ‘வொர்க் ஃப்ரம் ஹோம்’ கொரோனாவோடு முடிந்துபோன கதை இல்லை. புகைமூட்டம் வந்தால் அதுவும் கூடவே வந்துவிடும்.

ஜனக்புரியில் ஒரு டிடிஏ ஃப்ளாட்டில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் தமிழ் இளைஞருக்கு அப்போது என்ன கிடைக்கும்? ஒரு கட்டில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதிர்ஷ்டம் இருந்தால் வீட்டு ஓனர் விட்டுப்போன டைனிங் டேபிள். டிசம்பர் குளிரில் ரஜாய்க்குள் காலை நீட்டி, மடியில் லேப்டாப்பை வைத்து ஒன்பது மணி நேரம். ஜனவரியில் கழுத்தைத் திருப்ப முடியவில்லை என்று ஆன்லைனில் ஸ்டாண்ட் தேட ஆரம்பிப்பீர்கள். அந்த ‘ஆர்டர்’ பட்டனை அழுத்துமுன் இதைப் படித்துவிடுங்கள்.

சிக்கல் உங்கள் உட்காரும் பழக்கத்தில் மட்டும் இல்லை, லேப்டாப்பின் வடிவத்திலேயே இருக்கிறது. திரையும் கீபோர்டும் ஒட்டியே பிறந்தவை. கைக்கு வசதியான உயரத்தில் வைத்தால் தலை குனியும். கண்ணுக்கு வசதியாகத் தூக்கினால் தோளும் மணிக்கட்டும் தூக்கிக்கொள்ளும். ஸ்டாண்ட் இதில் பாதியைத்தான் தீர்க்கும். மீதிப் பாதிக்குத் தனி கீபோர்டும் மவுஸும் வேண்டும்.

எனவே என் கருத்து இது: ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், ஸ்டாண்டை விடுங்கள், சாதாரண யூஎஸ்பி கீபோர்டும் மவுஸும் வாங்குங்கள். ஸ்டாண்டுக்குப் பதில் புத்தகங்களை அடுக்கிக்கொள்ளலாம். யூபிஎஸ்சி கனவோடு டெல்லிக்கு வந்தவர்கள் அறையில் தடித்த புத்தகத்துக்கா பஞ்சம்?

‘27 கிலோ கழுத்து’ உண்மையா?

ஸ்டாண்ட் விளம்பரங்களில் ஒரு படம் அடிக்கடி வரும்: தலை குனியக் குனிய கழுத்தின் மேல் எடை ஏறும் படம். அதன் மூலம் நியூயார்க் முதுகெலும்பு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-ல் வெளியிட்ட கட்டுரை. நேராக இருக்கும்போது சுமார் 5 கிலோவாக இருக்கும் சுமை, 15 டிகிரி குனிந்தால் 12 கிலோ, 30 டிகிரியில் 18, 60 டிகிரியில் 27 என்கிறது அது. கணக்கு சரிதான். ஆனால் இது கணினி மாதிரியில் போட்ட கணக்கு, மனிதர்களின் கழுத்தில் அளந்து பார்த்தது அல்ல. இத்தனை டிகிரிக்கு இத்தனை வலி என்று அந்தக் கட்டுரை நிரூபிக்கவும் இல்லை. குனிந்தால் சுமை கூடும் என்ற அளவுக்கு அதை நம்பலாம். ‘இந்த ஸ்டாண்ட் 22 கிலோவைக் குறைக்கும்’ என்று யாராவது விற்றால் சிரித்துவிட்டு நகருங்கள்.

அளப்பது எப்படி?

வரிசை முக்கியம். நாற்காலி முதலில், கீபோர்டு அடுத்து, ஸ்டாண்ட் கடைசியில். பெரும்பாலானோர் தலைகீழாகச் செய்கிறோம்.

டைனிங் டேபிள் பொதுவாக 75 செ.மீ. உயரம் இருக்கும். அது சாப்பிடச் சரி, டைப் செய்யப் பலருக்கு அதிகம். முழங்கை கீபோர்டு மட்டத்துக்கு வரும்வரை நாற்காலியில் குஷன் போட்டு உயருங்கள். பாதம் தரையில் படாமல் தொங்கினால் கீழே ஒரு மணை வையுங்கள். இப்போ நேரா உட்காருங்க, ஆனா விறைப்பா வேண்டாம். மேஜையிலிருந்து உங்கள் கண் வரை யாரையாவது அளக்கச் சொல்லுங்கள்.

அது 45 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். லேப்டாப்பைத் திறந்து வைத்தால் திரையின் மேல் விளிம்பு மேஜையிலிருந்து 22 செ.மீ. என்றால், வித்தியாசம் 23. திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருக்கலாம் என்கிறது அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா. அதனால் 20 செ.மீ. தூக்கினால் போதும். இந்த ஒரு எண்தான் உங்கள் ஷாப்பிங் லிஸ்ட். புராகிரெசிவ் கண்ணாடி போடுபவர்கள் மட்டும் இன்னும் கீழே வையுங்கள். இல்லையென்றால் லென்ஸின் கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்க மோவாயைத் தூக்கித் தூக்கி, கழுத்து வேறு பக்கமாக வலிக்கும்.

திரைக்கும் கண்ணுக்கும் இடையே 50 முதல் 100 செ.மீ. இருக்கலாம். எழுத்து சின்னதாகத் தெரிந்தால் முன்னால் சாயாதீர்கள், ஜூமை 125 சதவீதம் ஆக்குங்கள்.

எந்த ரகம்?

மடித்துப் பையில் போடும் ‘எக்ஸ்’ வடிவ ஸ்டாண்ட் சில நூறு ரூபாயில் கிடைக்கும். மெட்ரோவில் தினமும் போய்வருபவருக்கு நல்லது. ஆனால் அவற்றில் பல 20 செ.மீ. வரை ஏறாது. ஏறினாலும் லேப்டாப் செங்குத்தாகச் சாய்ந்து, முன்னால் உள்ள கொக்கியில் தொங்கிக்கொண்டு நிற்கும். இரண்டு மூட்டுகள் உள்ள ‘இசட்’ வடிவ ஸ்டாண்ட் உயரமும் ஏறும், தட்டும் சமமாக இருக்கும். கனம் அதிகம், விலையும் அதிகம். ஒரே மேஜையில் வேலை என்றால் இதுதான் என் ஓட்டு. இதில் கவனிக்க வேண்டியது மூட்டின் இறுக்கம். சில மாதங்களில் தளர்ந்து, மீட்டிங் நடுவில் மெல்லத் தலைகுனியும் ஸ்டாண்டுகளும் உண்டு (என்னிடம் ஒன்று இருந்தது).

கட்டில் மேல் வைக்கும் குட்டி மேஜை? லேப்டாப்பின் அடிப்பக்கக் காற்றுத் துளைகளை ரஜாய் அடைக்காமல் காப்பாற்றும். கழுத்தைக் காப்பாற்றாது.

முடிந்தால் கடையில் தொட்டுப் பார்த்து வாங்குங்கள். ஜனக்புரி வெஸ்டில் மெஜந்தா லைன் ஏறினால் கால்காஜி மந்திர். அங்கே வயலெட் லைனுக்கு மாறினால் அடுத்த நிலையம் நேரு பிளேஸ், டெல்லியின் பெரிய கம்ப்யூட்டர் சந்தை. சொந்த லேப்டாப்பையும் இன்ச் டேப்பையும் எடுத்துப் போங்கள். ஸ்டாண்டை உங்களுக்கு வேண்டிய உயரத்துக்கு ஏற்றி, லேப்டாப்பை வைத்து, பக்கத்தில் மேஜையை விரலால் தட்டுங்கள். திரை நடுங்கி நிற்க நேரமெடுத்தால் அது வேண்டாம். பேரம் பேசலாம், ஆனால் பில்லை விடாதீர்கள்.

ஆபீஸிலும் கேட்டுப் பாருங்கள். பிரிட்டனில் 1992 விதிகளின்படி, தொடர்ந்து திரை முன் வேலை செய்பவரின் இருக்கை, மேஜை, திரை அமைப்பை மதிப்பிடுவது முதலாளியின் கடமை, அவர் வீட்டிலிருந்து வேலை செய்தாலும். இங்கே ஹெச்.ஆருக்கு ஒரு மெயில் போட்டால் கீபோர்டும் மவுஸுமாவது வரலாம்.

ஸ்டாண்ட் வந்த பிறகும் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து, பால்கனி வரை ஒரு நடை போய் வாருங்கள். காற்று மோசமான நாளென்றால் கிச்சன் வரை. வலி கழுத்திலிருந்து கைக்கு இறங்கினாலோ, விரல்கள் மரத்துப்போனாலோ, பிடிமானம் குறைந்தாலோ, ஸ்டாண்ட் தேடுவதை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.