பீட்டா தடுப்பான்: எழுதப்பட்ட தடைகளும் திருத்தப்பட்ட தடையும்

அட்ரினலின் உடலில் ஆல்ஃபா, பீட்டா என இருவகை ஏற்பிகள் வழியாகச் செயற்படுகிறது என்று 1948இல் அமெரிக்க மருந்தியலாளர் ரேமண்ட் அல்குவிஸ்ட் முன்மொழிந்தார். அக்கருத்தைப் பற்றிக்கொண்டு, இதயத்தின் ஆக்சிஜன் தேவையைக் குறைக்கும் மருந்தைத் தேடினார் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளாக். 1960களின் நடுவில் புரோப்ரனலால் புழக்கத்துக்கு வந்தது. 1988இல் பிளாக் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இது மருந்தின் வெற்றி வரலாறு. அதை யாருக்குக் கொடுக்கலாகாது என்பதற்கும் தனியே ஒரு வரலாறு உண்டு. அதன் வரிகள் பெரும்பாலும் நோயாளிகளின் துன்பத்திலிருந்து எழுதப்பட்டவை.

முதல் வரி ஆஸ்துமா. பீட்டா ஏற்பிகள் இதயத்தில் மட்டுமன்றி மூச்சுக்குழாய்த் தசைகளிலும் உள்ளன. புரோப்ரனலால் இரண்டையும் ஒருசேர அடைப்பதால், ஆஸ்துமா நோயாளியின் மூச்சுக்குழாய் ஆபத்தான அளவுக்குச் சுருங்கக்கூடும். பின்னர் வந்த அட்டெனலால், மெட்டோப்ரோலால் ஆகியவை இதய ஏற்பிகளையே பெரிதும் நாடுகின்றன. எனினும் அளவு கூடுந்தோறும் அவ்வேறுபாடு மங்கிவிடும். நாடித்துடிப்பு ஏற்கெனவே மிகக் குறைந்தவர்களும், இதய மின்கடத்தலில் கடும் தடை உள்ளவர்களும் இப்பட்டியலில் இடம்பெற்றனர்.

இதயச் செயலிழப்பின் கதை வேறு. தளர்ந்த இதயத்தை மேலும் தளர்த்தும் மருந்து கூடாது என்பது நெடுங்காலம் பாடநூல் விதியாக இருந்தது. 1975இல் சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் வாக்ஸ்டைன், ஹால்மர்சன் குழுவினர் சில நோயாளிகளுக்குச் சிறு அளவில் கொடுத்து முன்னேற்றம் கண்டனர். அதைப் பலர் ஏற்கவில்லை. 1999இல் வெளியான பெரும் ஆய்வுகள், பிசோப்ரோலாலும் மெட்டோப்ரோலாலும் இறப்பைக் குறைப்பதைக் காட்டிய பின்னரே விதி மாறியது. ஆயினும் தடை முற்றாக நீங்கவில்லை. சீனாவில் ஏறத்தாழ 46,000 மாரடைப்பு நோயாளிகளிடம் நடந்து 2005இல் வெளியான ஆய்வில், தொடக்கத்திலேயே ஊசிவழி மெட்டோப்ரோலால் பெற்றவர்களிடையே இதய அதிர்ச்சி நிலை மிகுந்தது. நிலைபெற்ற நோயாளிக்கு உதவும் மருந்தே நிலைகுலைந்தவருக்கு ஊறு செய்கிறது.

இப்பட்டியலின் ஒரு வரிக்கு இந்தியக் கிராமம் சான்று. மகாராஷ்டிரத்தின் கொங்கணப் பகுதியில், 1970களின் பிற்பகுதியிலிருந்து செந்தேள் கடியை ஆராய்ந்தவர் மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர். நஞ்சு உடலில் அட்ரினலின் வகைச் சுரப்புகளை வெள்ளமெனப் பெருக்குகிறது, நாடி விரைகிறது. விரையும் நாடியைக் கண்டு பீட்டா தடுப்பானைக் கொடுத்தால், ஆல்ஃபா ஏற்பிகள் எதிர்ப்பின்றி நாளங்களை இறுக்கும். இரத்த அழுத்தம் ஏறும். நுரையீரலில் நீர் கோக்கும். பாவஸ்கர் தெரிந்தெடுத்தது ஆல்ஃபா தடுப்பானான பிரசோசின். அவ்வனுபவத்தை 1986இல் லான்செட் இதழில் வெளியிட்டார். அட்ரினலின் சுரக்கும் கட்டியான ஃபியோகுரோமோசைட்டோமாவிலும் இதே ஒழுங்குதான்: முதலில் ஆல்ஃபாவை அடைக்க வேண்டும், பின்னரே பீட்டாவை.

விரைந்த நாடி என்னும் ஒரே அறிகுறி ஒருவரிடம் மருந்தை வேண்டி நிற்கிறது. மற்றொருவரிடம் அதை விலக்கச் சொல்கிறது. தெற்கு அந்தமானின் பெரார்கஞ்ச் போல் தலைநகர மருத்துவமனைக்கு வெளியே உள்ள ஊர்களில், முதலில் நாடி பார்ப்பவரே அவ்வேறுபாட்டை உணர்ந்தாக வேண்டும். தடைப் பட்டியலை மனனம் செய்வது அதற்குப் போதாது. ஒவ்வொரு தடையும் ஏன் எழுந்தது, எந்த நிலையில் விலகியது என்னும் காரணமும் மாணவருக்குக் கற்பிக்கப்பட வேண்டும்.