பட்டாம்பூச்சியும் மாடும்

கலிஃபோர்னியா என்றதும் சுற்றுலா போஸ்டர்களில் வருகிற காட்சி ஞாபகம் இருக்கிறதா? பொன்னிறமாக மின்னும் குன்றுகள், நடுநடுவே குடை விரித்தாற்போல ஓக் மரங்கள். அந்தத் தங்க நிறம் அந்த மண்ணின் சொந்த நிறம் இல்லை என்றால் நம்புவீர்களா? பெரும்பாலும் அது ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய புல்!

1769-ல் ஸ்பானியப் பாதிரிமார்களும் சிப்பாய்களும் சான் டியேகோவில் வந்து இறங்கினார்கள். கூடவே ஆடு, மாடு, குதிரை. அவற்றின் ரோமத்திலும் தீவனத்திலும் ஒட்டிக்கொண்டு, மத்தியதரைக்கடல் பக்கத்துப் புல் விதைகளும் ஓசிப் பயணம் செய்தன. காட்டு ஓட்ஸ் மாதிரியான இந்தப் புற்கள் மழைக்கு முளைத்து, விதையைக் கொட்டிவிட்டு, கோடையில் காய்ந்து சாகிற ரகம். தங்க நிறத்தின் ரகசியம் அதுதான். உள்ளூர்ப் புல்லோ கொத்துக் கொத்தாக ஆழ வேர்விட்டு, பல வருஷம் நின்று வாழ்வது. போட்டியில் வந்தவன் ஜெயித்தான். ஓக் கொட்டையை இடித்து, தண்ணீரில் அலசித் துவர்ப்பை நீக்கிக் கஞ்சி காய்ச்சியவர்கள் ஓலோனி பழங்குடிகள். அவ்வப்போது தீ வைத்துப் புல்வெளியைப் பராமரித்ததும் அவர்கள்தான். அவர்களில் பலர் மிஷன்களுக்குள் அடைபட்டு நோயில் மடிந்தார்கள்.

ஒரே ஒரு இடத்தில்தான் வந்தவனின் பாச்சா பலிக்கவில்லை. 'செர்பன்டைன்' என்ற பச்சைப் பாறை உதிர்ந்து உண்டான மண்ணில்! அதில் கால்சியமும் நைட்ரஜனும் குறைவு, நிக்கலும் மக்னீசியமும் எக்கச்சக்கம். செடிகளுக்கு அது கிட்டத்தட்ட விஷம். பழகிப்போன உள்ளூர்ச் செடிகள் மட்டும் அதில் சமாளித்தன. வறுமையே கோட்டைச் சுவராக நின்றது!

அப்படி ஒரு திட்டு, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான ஜாஸ்பர் ரிட்ஜ் மலைமுகட்டில் இருக்கிறது. சுற்றிலும் ஓக் காடு. சுமார் 1,200 ஏக்கர் கொண்ட இந்த இடத்தை 1973-ல் முறைப்படி உயிரியல் காப்பகமாக அறிவித்தார்கள். அதற்கு முன்பே, 1960-ல், பால் எர்லிக் என்ற இளம் பேராசிரியர் வலையும் கையுமாக அங்கே போய்விட்டார். (ஆமாம், டெல்லி டாக்ஸியில் போன ஒரு புழுக்கமான இரவை விவரித்து 1968-ல் 'தி பாப்புலேஷன் பாம்' எழுதி, கோடிக்கணக்கானவர்கள் பட்டினியால் சாவார்கள் என்று பயமுறுத்தினாரே... அவரேதான்! அந்த ஜோசியம் பலிக்கவில்லை.)

அவர் தேடிப்போனது, ஆரஞ்சும் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட செக்கர்ஸ்பாட் பட்டாம்பூச்சியை. பிடித்து, சிறகில் பேனாவால் அடையாளமிட்டு, பறக்கவிட்டு, மறுபடி பிடித்துப் பார்த்தார். ஆச்சரியம்! வேலி எதுவும் இல்லாமலேயே ஒவ்வொரு கூட்டமும் தன் பேட்டையை விட்டு அநேகமாக நகரவே இல்லை.

இதன் புழுக்களுக்கு வாழ்க்கை முழுக்க ஓட்டப் பந்தயம்தான். செர்பன்டைன் மண்ணில் முளைக்கும் குட்டிச் செடிகளைத் தின்று, அவை கோடையில் காய்வதற்குள் ஓரளவு வளர்ந்துவிட வேண்டும். வளர்ந்துவிட்டால் அடுத்த மழைவரை தூங்கலாம். செடி முந்திக் காய்ந்தால் பட்டினிச் சாவு. எழுபதுகளிலிருந்து மழையின் ஏற்ற இறக்கம் கூடியது. ஒரு வருஷம் வெள்ளம், ஒரு வருஷம் வறட்சி. முன்பெல்லாம் ஓரிடத்தில் அழிந்தாலும் பக்கத்துக் குன்றிலிருந்து புதுக் கூட்டம் வந்து சேர வாய்ப்பு இருந்தது. இப்போது நடுவில் வீடுகளும் சாலைகளும் முளைத்துவிட்டன. அமெரிக்க அரசு 1987-ல் இதை அச்சுறுத்தலுக்கு உள்ளான (threatened) உயிரினமாக அறிவித்துப் பாதுகாப்புக் கொடுத்தது. ஆனாலும் 1998-க்குள் ஜாஸ்பர் ரிட்ஜ் காப்பகத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. உலகிலேயே மிக நுணுக்கமாகக் கவனிக்கப்பட்ட பூச்சிக் கூட்டங்களில் ஒன்று, விஞ்ஞானிகளின் கண் முன்னாலேயே காலி!

தெற்கே சான் ஹோசே பக்கத்துக் குன்றுகளில் இன்னொரு கூத்து. மாடு மேய்ந்தால் புல்வெளி கெடும் என்று சில இடங்களில் மேய்ச்சலை நிறுத்தினார்கள். பட்டாம்பூச்சி பெருகவில்லை, மளமளவென்று சரிந்தது! எர்லிக்கின் மாணவரான ஸ்டூவர்ட் வைஸ் 1999-ல் காரணத்தை வெளியிட்டார். கார் புகையிலிருந்து வரும் நைட்ரஜன் காற்றில் மிதந்து வந்து, அந்த ஏழை மண்ணில் உரமாக விழுந்துகொண்டிருந்தது. அவ்வளவுதான், கோட்டைச் சுவர் இடிந்தது. இத்தனை காலம் வெளியே நின்ற ஐரோப்பியப் புல் உள்ளே புகுந்து, குட்டிச் செடிகளை மூடிவிட்டது. மேய்ச்சல் தொடர்ந்த இடங்களில் மட்டும் மாடுகள் அந்தப் புல்லைத் தின்று தீர்த்ததால் செடியும் தப்பியது, பட்டாம்பூச்சியும் தப்பியது.

ஐரோப்பியப் புல்லைக் கூட்டி வந்ததில் மாடுகளுக்கும் பங்கு உண்டே! இன்று சிலிக்கான் பள்ளத்தாக்குக்கு மேலே, கயோட்டி ரிட்ஜ் குன்றுகளில் மாடுகளை வேண்டுமென்றே மேயவிடுகிறார்கள், அந்தப் பட்டாம்பூச்சிகளுக்காக.