பழமொழி: யார் யாருக்குச் சொன்னது?

அகநானூற்றில் இரண்டு பாடல்களை நான் அடிக்கடி எடுத்துப் படிப்பேன். ஒன்று 66ஆம் பாடல், செல்லூர்க் கோசிகன் கண்ணனார் பாடியது. மற்றொன்று 101ஆம் பாடல், மாமூலனார் பாடியது. இரண்டிலும் பேசுகிறவள் தலைவி. இரண்டிலும் கேட்கிறவள் தோழி. இரண்டிலும் 'பழமொழி' என்ற சொல் அப்படியே, இன்று நாம் வழங்கும் அதே வடிவத்தில் இருக்கிறது.

66இல் வரும் தலைவியின் கணவன் வேறொருத்தியை மணக்கப் புத்தாடை அணிந்து தேரேறி, சொந்த வீடு இருக்கிற தெரு வழியாகவே போகிறான். மணி ஒலிக்கத் தள்ளாடித் தள்ளாடி வாசலுக்கு ஓடிவருகிறான் அவனுடைய சின்ன மகன். தேரை நிறுத்தச் சொல்லி இறங்கியவன் பிள்ளையை மார்போடு அணைத்து, 'உள்ளே போ' என்கிறான். குழந்தை போகாமல் அழுகிறது. வேறு வழியின்றி மகனைத் தூக்கிக்கொண்டு அவனே வீட்டுக்குள் வந்துவிடுகிறான். பிள்ளை பெற்றவர்களுக்கு இந்த உலகமும் உண்டு, மறு உலகமும் உண்டு என்று பலரும் சொல்லிவந்த பழமொழி நம் வீட்டில் மெய்யாகிவிட்டது தோழி என்கிறாள் அவள். எல்லாரும் சொல்லிச் சொல்லிச் சலித்த ஒரு வாசகம், ஒரு தெருவில், ஒரு குழந்தையின் அழுகையில் உயிர் பெற்றுவிட்டது.

101இல் அப்படி நடக்கவில்லை. அங்கே தலைவன் பாலைவழியில் பிரிந்து போய்விட்டான். நல்லது செய்தவருக்குத் தீங்கு வராது என்று தொன்றுதொட்டு வரும் பழமொழி இன்று பொய்த்துப்போனதோ என்று கேட்கிறாள் அந்தத் தலைவி. ஒரே சொல்லைக் கையிலெடுத்து ஒருத்தி 'மெய்' என்கிறாள், இன்னொருத்தி 'பொய்யோ' என்கிறாள். இன்று ஒரு பழமொழி காதில் விழும்போது சிலசமயம் நெஞ்சு நிறைவதும், சிலசமயம் எரிச்சல் பொங்குவதும் புதிய நோய் அல்ல என்று இந்த இரண்டு பெண்களும் எனக்குச் சொல்கிறார்கள்.

பழமொழியைத் தொல்காப்பியம் 'முதுமொழி' என்றும் 'முதுசொல்' என்றும் சொல்கிறது. பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் என யாப்பின் வகைகளை ஏழாக எண்ணும் இடத்தில், மக்கள் வாயில் வழங்கும் இந்தச் சின்னஞ்சிறு தொடருக்கும் ஓர் இருக்கை கொடுத்திருக்கிறது. செய்யுளியலில் அதற்கு இலக்கணமும் உண்டு. நுட்பம் வேண்டும், சுருக்கம் வேண்டும், ஒளி வேண்டும், எளிமை வேண்டும். இந்த நான்கையும் பாடநூல்கள் தவறாமல் சொல்லித்தருகின்றன. அதே நூற்பாவின் பின்பாதியை ஏனோ பலரும் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். குறித்த ஒரு பொருளை முடித்துக்கொடுக்க வருவதே முதுமொழி. அதற்கான காரணத்தையும் அது காட்ட வேண்டும். அதாவது முன்னே ஒரு விஷயம் நடந்துகொண்டிருக்க வேண்டும். முடிவு தெரியாமல் அது தவிக்க வேண்டும். அங்கே வந்து விழுந்தால்தான் முதுமொழி. விஷயமே இல்லாத இடத்தில் வந்து விழுவதைத் தொல்காப்பியர் கணக்கில் சேர்க்கவில்லை.

'முது', 'பழ' என்ற இரண்டு அடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முதுமகன், முதுகுடி, மூதூர் என்று 'முது' எங்கே வந்தாலும் ஒரு மரியாதை கூடவே வரும். இன்றும் முதுகலை, முதுநிலை என்று பட்டம் ஏந்தி நிற்கிறது. 'பழ'வின் வாழ்க்கை வேறு மாதிரி. பழங்குடி என்னும்போது பெருமை. பழந்துணி என்னும்போது கந்தல். பழஞ்சோறு என்றால் நேற்றைய மிச்சம், ஆனால் உழைக்கிறவனுக்கு இன்றைய முதல் சாப்பாடும் அதுதான். தமிழ் பேசுகிற பெருங்கூட்டம் 'முதுமொழி'யை ஏட்டில் விட்டுவிட்டுப் 'பழமொழி'யையே வாயில் வைத்துக்கொண்டது சரியான தேர்வு என்று நினைக்கிறேன். மரியாதையும் சலிப்பும் சேர்ந்தே இருக்கிற ஒன்றுக்கு இரண்டையும் தாங்குகிற சொல்தான் பொருந்தும். மலையாளத்திலும் அது 'பழஞ்சொல்லு'தான்.

'பழ'வுக்கு இன்னொரு முகமும் உண்டு. திருக்குறளின் 81ஆம் அதிகாரத்துக்குப் பெயர் 'பழைமை'. காலத்தால் பழையது என்பதல்ல அங்கே பொருள். நெடுநாள் பழகிய நட்பும், அந்த நட்பு தருகிற உரிமையும்தான் அங்கே பழைமை. நண்பன் கேட்காமலே ஒன்றைச் செய்துவிட்டாலும் கோபம் வராத நெருக்கம் அது. பழமை, பழகு, பழக்கம் என்று ஒலியாலும் பொருளாலும் ஒட்டி நிற்கிற சொற்களின் நடுவே பழமொழியை வைத்துப் பார்த்தால், அது வெறுமனே வயதான மொழியாகத் தெரியவில்லை. பழகியவர் சொல்லும் மொழியாகவும் தெரிகிறது. இதை இலக்கணமாக நான் நிறுவவில்லை. என் காது கேட்கிற பொருளாகச் சொல்கிறேன்.

மதுரைக்குத் தெற்கே போனால் சொல் மாறிவிடும். அங்கே அது 'சொலவடை'. களையெடுக்கும்போதும் திண்ணையில் உட்கார்ந்து புளி உடைக்கும்போதும் 'ஒரு சொலவடை சொல்லுவாகள்ல' என்று பேச்சோடு பேச்சாக வரும். இந்தச் சொல்லில் முதுமையும் இல்லை, பழமையும் இல்லை. சொல்லுதல் மட்டுமே இருக்கிறது. ஏட்டில் கிடப்பது சொலவடை ஆகாது. ஒரு வாயிலிருந்து இன்னொரு காதுக்குப் போகும்போதுதான் அது சொலவடை. நான்கு பெயர்களில் இதுவே எனக்கு மிகவும் பிடித்தது.

இலக்கியம் பழமொழியைப் பேணிய முறையையும் பார்க்க வேண்டும். பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்றான 'பழமொழி நானூறு', முன்றுறை அரையனார் என்ற சமணப் புலவர் செய்தது. ஒவ்வொரு வெண்பாவின் கடைசியிலும் ஒரு பழமொழி இருக்கும். அதற்கு முந்திய அடிகளில் அந்தப் பழமொழிக்கான நிலைமை இருக்கும். இளம் வயதில் கரிகாலன் நீதி சொல்ல உட்கார்ந்தபோது, இந்தச் சிறுவனா நம் வழக்கைத் தீர்ப்பான் என்று வந்த முதியவர்கள் தயங்கினார்கள். நரைமுடி அணிந்து வந்து அவன் தீர்ப்புச் சொன்னான். குலத்துக்குரிய வித்தை கல்லாமலே பாதி வந்துவிடும் என்ற பழமொழி அந்தக் கதையைத் தொட்டுக்கொண்டு வருகிறது. மணலுக்குள் புதைந்து யார் கண்ணுக்கும் படாமல் கிடக்கும் தவளை, தானே கத்தித் தன்னைக் காட்டிக்கொடுப்பதும் அந்த நூலில் உண்டு. இன்றும் 'தவளை தன் வாயால் கெடும்' என்கிறோம். 'நிறைகுடம் தளும்பாது', 'பாம்பின் கால் பாம்பறியும்' இரண்டும் அங்கே இருப்பவைதான். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நாள்தோறும் கையாண்டும் இவை உடையவில்லை.

இன்னும் ஆழமாக என்னைத் தொடுவது அப்பர் திருவாரூரில் பாடிய பழமொழிப் பதிகம். நான்காம் திருமுறையில் இருக்கிறது. சமணத்தில் தருமசேனராக இருந்து, பிறகு சிவனிடம் திரும்பிவந்தவர் அவர். போன காலத்தை நினைத்துப் பாடும் அந்தப் பாடல்கள் ஒவ்வொன்றும் ஒரு பழமொழியில் முடிகின்றன. பழம் இருக்கக் காயைத் திருடியவன், முயலை விட்டுக் காக்கையைத் துரத்தியவன், கரும்பு இருக்க இரும்பைக் கடித்தவன், இருட்டறையில் மலட்டுப் பசுவைக் கறக்க உட்கார்ந்தவன் என்று எல்லாமே அவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்பவை. ஒன்றைக்கூட அடுத்தவர்மேல் எறியவில்லை.

அந்த இரண்டு தலைவியரும் அப்படித்தான். மெய் என்றவளும் தன் வாழ்க்கையை வைத்தே சொன்னாள். பொய்யோ என்றவளும் தன் வாழ்க்கையை வைத்தே கேட்டாள். பழமொழி தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்கிறபோது கனக்கிறது. நமக்கு எரிச்சல் மூட்டுவது பெரும்பாலும் அந்தச் சொற்கள் அல்ல; அவை நம்மேல் வந்து விழும் விதம். வேலை போனவனிடம் 'எல்லாம் நன்மைக்கே'. குழந்தை இல்லாதவளிடம் 'கிடைக்கிறது கிடைக்காம போகாது'. இவற்றைச் சொல்கிறவர் அந்தத் துன்பத்தில் ஒரு காசு அளவுகூடப் பங்கு எடுக்கவில்லை. 'சும்மாவா சொன்னாங்க பெரியவங்க' என்று சேர்த்துக்கொண்டால், தன் வார்த்தைக்கான பொறுப்பையும் பெயர் தெரியாத பெரியவர்கள் தலையில் வைத்துவிட்டு எழுந்து போய்விடலாம்.

பழமொழிகள் ஒன்றுக்கொன்று முரண்படும் என்பது இங்கேதான் முக்கியமாகிறது. 'பதறாத காரியம் சிதறாது' என்கிறோம். 'ஆறின கஞ்சி பழங்கஞ்சி' என்றும் சொல்கிறோம். ஒன்று நிதானிக்கச் சொல்கிறது, மற்றது உடனே செய்யச் சொல்கிறது. எது உண்மை என்று கேட்டால் பதில் கிடையாது. இந்த ஆளுக்கு இந்த நேரத்தில் எது வேண்டும் என்று தெரிந்தவருக்குத்தான் எதை எடுப்பது என்று தெரியும். அது பழகினால் மட்டுமே தெரியும்.

தமிழ்த் திறனாய்வில் 'தேய்வழக்கு' என்று ஒரு நல்ல சொல் உண்டு. பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன 'க்ளிஷே'க்கு நிகராக வழங்குகிறது. அது அச்சகத்தில் பிறந்த சொல். கோத்த எழுத்துகளிலிருந்து வார்த்தெடுத்து, திரும்பத் திரும்ப அச்சடிக்க வைத்திருந்த உலோகத் தகட்டுக்குப் பிரெஞ்சு அச்சுத் தொழிலாளர்கள் வைத்த பெயர். அவர்கள் வார்ப்பைப் பார்த்தார்கள், நாம் தேய்மானத்தைப் பார்த்திருக்கிறோம். தேய்வது காசு, படிக்கட்டு, செருப்பு போன்ற பொருள்கள், புழங்கியதால் தேய்ந்தவை. தமிழ்ச் சொல்லில் ஒரு பரிவு இருக்கிறது.

தேய்ந்ததைப் புதுப்பிக்கிறோம் என்று இப்போது நடக்கிற ஒரு வேலை எனக்கு வருத்தம் தருகிறது. 'ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்' தவறாம்; 'வேரைக் கொன்றவன்' என்பதே சரியாம். 'மண் குதிரை' அல்ல, 'மண் குதிர்' ஆம். 'சட்டியில் இருந்தால்' அல்ல, 'சஷ்டியில் இருந்தால்' ஆம். மேடைதோறும், கைப்பேசிதோறும் இந்த 'உண்மைப் பொருள்' சுற்றுகிறது. அரைகுறை வைத்தியனிடம் உறவைப் பறிகொடுத்தவன் வயிறெரிந்து சொன்ன சொல்லில் மூலிகை வேரைக் கொண்டுவந்து நுழைத்தால் அந்த வயிற்றெரிச்சல் எங்கே போகும்? சட்டியும் அகப்பையும் எந்த வீட்டு அடுப்படியிலும் இருப்பவை. கந்த சஷ்டி விரதம் அங்கே தேவையே இல்லை. பழமொழியின் முரட்டுத்தனத்தைக் கண்டு கூசுகிறவர்கள் அதைக் குளிப்பாட்டிப் பொட்டு வைக்கிறார்கள். என் தீர்ப்பு, கேட்டபடியே விடுங்கள் என்பதுதான்.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. 'கீதாசாரம்' என்ற பெயரில் வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை தொங்கும் அட்டையின் வாசகம், கீதையின் எந்தச் சுலோகத்துக்கும் மொழிபெயர்ப்பு அல்ல. பெரிய பெயர் ஒன்றைச் சூட்டியதும் யாரும் கேள்வி கேட்காத வாசகமாக அது மாறிவிட்டது.

என் அப்பா இறந்த மறுநாள் வீடு நிறைய ஆட்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் நல்லவர்கள்தான். 'விதி முடிஞ்சா யாரு நிறுத்த முடியும்', 'காலம் ஆத்தும்', 'போனவர் வரவா போறார்' என்று ஆளுக்கொன்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒவ்வொன்றும் உண்மை. ஒன்றும் எனக்குள் இறங்கவில்லை. அடுப்பு எரியாத வீடு. பகல் சாய்ந்த வேளையில் பக்கத்து வீட்டு அத்தை ஒரு தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்தார். எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்து கிண்ணத்தில் ஊற்றினார். நான் அப்புறம் குடிக்கிறேன் என்றேன். 'ஆறுன கஞ்சி பழங்கஞ்சிய்யா. இப்பவே குடி' என்றார். அவ்வளவுதான். என் வாழ்நாளில் நூறு முறை கேட்டிருந்த சொலவடை, அன்றைக்குத்தான் சூடான கஞ்சியாக என் கையில் இருந்தது. குடித்தேன். அழுகையும் அப்போதுதான் வந்தது.

தமிழ்ப் பழமொழிகளைத் தேடித் தொகுத்தவர்களுக்கு நாம் பெரிதும் கடன்பட்டிருக்கிறோம். பெர்சிவல் பாதிரியார் யாழ்ப்பாணத்தில் தொடங்கி, 1874இல் சென்னையில் ஆறாயிரத்துக்கு மேற்பட்டவற்றை ஆங்கில மொழிபெயர்ப்போடு வெளியிட்டார். டேனிஷ் பாதிரியார் ஹெர்மன் ஜென்சன் 1897இல் பொருள்வாரியாக வகைப்படுத்திக் கொடுத்தார். கி.வா. ஜகந்நாதன் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தது நான்கு தொகுதிகள், இருபதாயிரத்துக்கு மேல். இத்தனை இருந்தும், ஒரு பழமொழியை யார், யாரிடம், என்ன நடந்தபோது சொன்னார் என்பது இந்தத் தொகுதிகளில் பெரும்பாலும் இல்லை. வரிசையில் சேர்த்தபோது சொன்னவரும் கேட்டவரும் விடுபட்டுப்போனார்கள்.

ஆகவே இதைப் படிக்கிற உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பாட்டியோ பெரியம்மாவோ அத்தையோ இன்னும் சொலவடை சொல்லிக்கொண்டிருந்தால், ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். சொலவடையை மட்டும் எழுதாதீர்கள். அன்றைய தேதி, சொன்னவர் பெயர், கேட்டவர் பெயர், அப்போது வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் எழுதுங்கள். என் நோட்டில் முதல் பக்கத்தில் இருப்பது அந்த அத்தையின் கஞ்சி.