இரண்டு பேர்ச்சஸ் கணக்கு

கொழும்பில ஒரு தோட்டத்தை உடைக்கப் போறாங்க எண்டு செய்தி வந்தா நம்ம வட்ஸ்அப் குறூப்பில உடனே சண்டை தொடங்கும். "சேரியை வைச்சுக்கொண்டு நகரம் எப்பிடி முன்னேறும்?" என்பார் ஒருவர். "ஏழையளை ஏன் துரத்துறீங்க?" என்பார் இன்னொருவர். இரண்டு பேருமே ஒரு விசயத்தை ஏற்றுக்கொண்டுதான் கதைக்கிறார்கள்: நகரம் வளர வேணுமெண்டா சனம் எழும்பத்தான் வேணும். ஆனால் நாற்பது வருடத்துக்கு முதல் இதே கொழும்பில் அரசாங்கமே வேறு விதமாக யோசித்தது.

1984இல் பிரேமதாச பிரதமராக இருந்தபோது பத்து இலட்சம் வீட்டுத் திட்டம் தொடங்கியது. அரசு வீடு கட்டிக் கொடுக்காது, சிறிய கடனும் தண்ணீர், வடிகான், மலசலகூட வசதியும் தரும். வீட்டை இருக்கிற இடத்திலேயே சனம் கட்டிக்கொள்ளும்.

இதில் எனக்குப் பிடித்தது ஒரு வறண்ட சட்ட விதி. வழமையாக ஒரு வீட்டுக் காணி குறைந்தது 6 பேர்ச்சஸ் இருக்க வேண்டும். தோட்டங்களை விசேட திட்டப் பகுதிகளாக அறிவித்து அதை 2 பேர்ச்சஸாகக் குறைத்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 பேர்ச்சஸ் காணியில் 30 குடும்பம் இருக்குது எண்டு வைப்பம். பழைய விதிப்படி 10 குடும்பம்தான் மிஞ்சும். புதிய விதியில் பாதைக்குக் கொஞ்சம் இடம் விட்டாலும் பெரும்பாலானோர் அங்கேயே இருக்கலாம். எல்லையை எங்கே போடுவது, எந்த வீடு சில அடி தள்ளுவது என்பதை அதிகாரிகளும் குடியிருப்பாளர்களும் ஒன்றாக இருந்து பேசி முடிவெடுத்தார்கள். கிணறு, வடிகான் போன்ற சின்ன வேலைகளின் ஒப்பந்தத்தைத் தோட்டத்தின் சமுதாய அபிவிருத்தி சபைக்கே கொடுத்தார்கள். அதற்கு ஆரம்ப உதாரணமாகச் சொல்லப்படும் இடங்களில் வனாத்தமுல்லையும் ஒன்று.

பிரேமதாசவைப் புனிதராக்கத் தேவையில்லை. கடன் தொகை சின்னது. அதைவிட முக்கியம், நிறையப் பேருக்கு முழு உறுதி கிடைக்கவில்லை. கையில் இருந்தது ஏதோ ஒரு அட்டை, ஒரு சான்றிதழ், மின்சார பில்.

அந்தக் குறை பிறகு வெட்டியது. 2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் போனது. அந்த வருட மே மாதம் கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் இராணுவமும் பொலிசும் நிற்க வீடுகள் உடைக்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாக இருந்தவர்களும் "அனுமதியில்லாத குடியிருப்பாளர்" ஆனார்கள். அடுத்து வந்தது மாடி வீட்டுத் திட்டம், வனாத்தமுல்லை உட்பட. சுமார் 400 சதுர அடி, அதற்குப் பலரிடம் கேட்டது கிட்டத்தட்ட 10 இலட்சம் ரூபா, 20 வருடத் தவணையில். கடன்பட்டு இரண்டு மாடி கட்டினவருக்கும் ஒரே அளவு வீடு. ஒரு கூரைக்குக் கீழ் மூன்று குடும்பம் இருந்தாலும் சில இடங்களில் ஒரே திறப்பு.

மியூஸ் வீதிக்காரர் நீதிமன்றம் போனார்கள். வேறு தோட்டங்களிலும் சனம் கூடிக் கதைத்தது, மனுக் கொடுத்தது. அவர்கள் கேட்டதைக் கவனியுங்கள். அபிவிருத்தி வேண்டாம் எண்டு கேட்கேல்லை. திட்டத்தை முதலில் காட்டுங்கோ. கதவை எண்ணாமல் குடும்பத்தை எண்ணுங்கோ. நாங்கள் கட்டின வீட்டுக்குப் பெறுமதி போடுங்கோ. இதில் முதல் இரண்டையும் 1980களில் அரசாங்க அதிகாரிகளே தோட்டத்துக்கு வந்து செய்திருக்கிறார்கள்.