சாவா மூவாப் பேராடு



ஓய்வு பெறும் ஆசிரியன் கைக்கு, வாழ்நாளில் ஒரே ஒரு முறை, பெருந்தொகை ஒன்று வந்து சேர்கிறது. 34 ஆண்டுகள் மாதச் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவிட்டுப் பழகிய விரல்களுக்கு அது புதிய பாரம். 2018ஆம் ஆண்டில் இராசிபுரத்தில் என் வீட்டுத் திண்ணைக்கு வந்த அத்தனை பேர், அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. ஒருவர் வீட்டுமனை என்றார். மற்றொருவர் ஏலச்சீட்டு என்றார். லாரித் தொழிலுக்குக் கடனாகக் கொடுத்தால் நூற்றுக்கு 24 வட்டி என்றார் மூன்றாமவர். நான் வரலாறு கற்பித்தவன். ஆகையால் தஞ்சைப் பெரிய கோயிலின் கற்சுவரிடம் யோசனை கேட்டேன். அது சொன்னதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல வந்திருக்கிறேன்.

சோழர் காலத்தில் ஒருவர் கோயிலில் நந்தாவிளக்கு வைக்க விரும்பினால், அவருக்கு ஒரு சிக்கல் இருந்தது. விளக்கு சந்திர சூரியர் உள்ளவரை எரிய வேண்டும். வைத்தவரோ ஒருநாள் மறைந்து போவார். அவருக்குப் பின் நெய் வார்ப்பது யார்? இதற்கு நம் முன்னோர் கண்ட வழி ஆட்டுமந்தை. இராசராசன் கல்வெட்டுகளில் ஒரு விளக்குக்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் என்று அளவு வகுத்திருக்கிறார்கள். வேறு பல ஊர்க் கல்வெட்டுகளில் ஆட்டின் தொகை 90. மந்தையைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். இம்மந்தைக்குக் கல்வெட்டு வழங்கும் பெயர் ‘சாவா மூவாப் பேராடு’. சாகாத, மூப்படையாத ஆடு என்பது பொருள்.

சாகாத ஆடும் உண்டோ என்று வகுப்பில் பிள்ளைகள் சிரிப்பார்கள். மேச்சேரிப் பக்கம் பிறந்தவனாகிய எனக்கு அதில் வியப்பில்லை. செம்பழுப்பு நிறத்து மேச்சேரி ஆடுகளைப் பட்டி போட்டு வளர்த்த குடும்பங்களுக்கு நடுவே வளர்ந்தவன் நான். அங்கே கிழட்டு ஆட்டைக் கழிப்பார்கள். குட்டி ஒன்று அதன் இடத்திற்கு வரும். நோயில் நான்கு போனால், ஈற்றில் ஆறு வரும். ஆடுகள் மாறிக்கொண்டே இருக்கும். பட்டியின் எண்ணிக்கை மட்டும் மாறாது.

நான் நெடுநாள் யோசித்தது வேறொன்றை. உழக்கு நெய்க்கு 96 ஆடுகள் எதற்கு? அதற்குக் குறைவான ஆடுகளே போதாவோ? பஞ்சத்தையும் நோயையும் ஓநாயையும் கண்டவர்கள் போட்ட கணக்கு அது என்றே எனக்குத் தோன்றுகிறது. மந்தையிடம் கேட்டது சிறிதாக இருந்தபடியால், மந்தை தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ள முடிந்தது. அதோடு நில்லாமல், மந்தையைப் பெற்ற இடையரின் பெயரையும், அவருக்குப் பிணையாக நின்ற உறவினரின் பெயர்களையும் கல்லில் வெட்டினார்கள். பிணை இன்றிப் பொருளை ஒப்படைக்கும் பழக்கம் அவர்களிடம் இல்லை போலும்.

காசாகவும் முதலீடு செய்தார்கள். தஞ்சைக் கோயிலின் பணம் பல ஊர்ச் சபைகளிடம் இருந்தது. முதல் அப்படியே நிற்க, ஆண்டுதோறும் பொலிசை மட்டும் கோயிலுக்கு வரும். பொலிசை என்பது வட்டி; பொலிதல் என்றால் பெருகுதல். காசு ஒன்றுக்கு ஆண்டு வட்டி அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்கு பன்னிரண்டரை. இதையே நெல்லாகக் கொடுத்த சபைகள் காசுக்கு முக்குறுணி அளந்தன. காசுக்கு இரு கலம் நெல் என்று வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே விகிதந்தான். எட்டாம் வகுப்பில் இதை நான் கணக்காகவே கொடுத்ததுண்டு. ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். விலைவாசி ஏறினால் அரைக்கால் காசு இளைத்துவிடும். முக்குறுணி நெல் என்றும் முக்குறுணி நெல்லே. நான் பணியிற் சேர்ந்த 1984இல் சில்லறைக் காசுக்குக் கிடைத்த நாமக்கல் முட்டை இன்று விற்கும் விலையை அறிந்தவர்க்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

என்னுடன் பணியாற்றிய உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் எனக்கு முன்பே ஓய்வு பெற்றவர். அவர் தம் சேமிப்பில் ஒன்றரை இலட்சத்தை ஈமுக் கோழி வளர்ப்பில் இட்டார். கோழியையும் தீவனத்தையும் நிறுவனமே கொடுத்தது. மாதந்தோறும் பராமரிப்புத் தொகையும் தந்தது. முதற் சில மாதங்கள் பணம் ஒழுங்காக வந்தது. அந்தப் பணம் முட்டையாலோ இறைச்சியாலோ வந்ததன்று. அடுத்து வந்து சேர்ந்தவர் கட்டிய முதலிலிருந்து வந்தது. 2012ஆம் ஆண்டில் கொங்கு நாட்டில் அத்தகைய நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வீழ்ந்தன. கேட்பாரற்றுப் பட்டினி கிடந்த பறவைகளுக்கு அரசின் கால்நடைத் துறை தீவனம் போட நேர்ந்தது. ஈமுவும் உயிருள்ள மந்தைதான்; ஆனால் உழக்கு கேட்க வேண்டிய இடத்தில் குடம் கேட்டார்கள்.

பெரிய பெயரும் பிணை ஆகாது. சென்னையில் அர்பத்நாட் கம்பெனியை அசையாத மலையென நம்பியிருந்தார்கள். 1906 அக்டோபர் 22ஆம் நாள் அது கதவை அடைத்தது. அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் பதினெட்டு மாதக் கடுங்காவல் பெற்றார்; போட்டவர்களின் பெரும் பணம் திரும்பவில்லை. மறு ஆண்டே வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் முயற்சியால் இந்தியன் வங்கி தோன்றியது. ஆயினும் வைப்பாளருக்குச் சட்டப்படி பிணை கிடைக்க இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று. 1960இல் பாலை சென்ட்ரல் வங்கி வீழ்ந்த பிறகு, 1962இல் வைப்புக் காப்புறுதி வந்தது. அன்று 1,500 ரூபாய் வரை காப்பு. 2020 முதல் ஒரு வங்கியில் ஒருவருக்கு ஐந்து இலட்சம்.

என் தொகையில் பெரும்பகுதியை அஞ்சலகத்து மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் இட்டேன். எஞ்சியதை இரு வங்கிகளில் காப்புறுதி வரம்புக்குள் பிரித்து வைத்தேன். திண்ணைக்கு வந்தவர்களுக்கு மோர் கொடுத்து அனுப்பினேன். ஐம்பதாயிரம் ரூபாயை மட்டும் நான் பணியாற்றிய பள்ளியின் பெயரில் வைத்தேன். முதலைத் தொடலாகாது, வட்டியில் ஆண்டுதோறும் பரிசு நூல்கள் வாங்க வேண்டும் என்பது ஏற்பாடு. தலைமையாசிரியரும் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவரும் கையெழுத்திட்டார்கள். மூன்றாவது கையெழுத்துக்கு அந்த உடற்பயிற்சி ஆசிரியரையே அழைத்தேன். பத்திரத்தை இருமுறை படித்துவிட்டு, “ஐயா, வட்டி முழுவதையும் செலவழித்தால் பத்தாண்டில் பாதி நூல்கூட வாங்க முடியாதே? காற்பங்கை முதலோடு சேர்க்கச் சொல்லி எழுதுங்கள்” என்றார். பத்திரத்தைத் திருத்தி எழுதினோம். அதன் பிறகே அவர் கையெழுத்திட்டார்.