சோற்றுக் கிடாரமும் மாட்டுப் பட்டியும்: இரண்டு பசில்லஸ்கள், ஓர் ஒப்பாய்வு

திருகோணமலையிலிருந்து நிலாவெளி, குச்சவெளி தாண்டிப் புல்மோட்டைக்குப் போகும் வழியில் இருக்கிறது திரியாய். வயலும் குளமும் மாட்டுப் பட்டியுமாக வாழும் ஊர். நெல்லும் மாடும் சீவனமாக உள்ள இத்தகைய ஊர்கள் இரண்டு பற்றீரியாக்களைப் பற்றித் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஒன்று பசில்லஸ் சீரியஸ். நெல்லோடு வயலிலிருந்து வீட்டுக்கு வந்து, ஆறிய சோற்றில் பெருகி, வாந்தியும் வயிற்றோட்டமும் தருவது. மற்றது பசில்லஸ் அந்த்ராசிஸ். அடைப்பான் நோயால் மாட்டைத் திடீரெனச் சாய்த்து, அதை அறுத்தவரையும் உண்டவரையும் தொற்றுவது. முன்னதை ஒரு நாள் வயிற்றுக் கோளாறு என்று தள்ளிவிடுகிறோம். பின்னதன் பெயரைக் கேட்டாலே அரசுகள் பதறுகின்றன. மரபணு அளவில் இவை மிக நெருங்கிய உறவுகள். இவ்வளவு நெருங்கியவற்றின் கொடுமை இவ்வளவு வேறுபடுவது எப்படி என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி.

இரண்டுக்கும் பொதுவானது

அடைப்பான் பற்றீரியாவின் வாழ்க்கைச் சுற்றை 1876இல் ரொபர்ட் கோக் விளக்கினார். ஒரு குறிப்பிட்ட நோய்க்கு ஒரு குறிப்பிட்ட பற்றீரியாதான் காரணம் என்று நிறுவப்பட்ட முதல் சந்தர்ப்பங்களில் அது ஒன்று. சீரியஸை 1887இல் பேர்சி ஃபிராங்க்லண்டும் கிரேஸ் ஃபிராங்க்லண்டும் விவரித்தார்கள். அவர்களுக்கு அது கிடைத்தது ஒரு மாட்டுத் தொழுவக் காற்றில்.

இரண்டும் கோல் வடிவின. இரண்டும் மண்ணைச் சார்ந்தவை. இரண்டும் வித்தியாக மாறித் தப்பிப் பிழைப்பவை. உணவு தீர்ந்ததும் கலம் தன் டி.என்.ஏ.யின் ஒரு பிரதியை உள்ளே ஒதுக்கி, அதைச் சுற்றிப் பல உறைகளைக் கட்டி, உட்புறத்து நீரைப் பெருமளவு வெளியேற்றிவிடுகிறது. அதன்பின் அது உண்பதில்லை, வளர்வதில்லை. கொதிநீரும் வெயிலும் வறட்சியும் அதை எளிதில் அழிப்பதில்லை. 1942இல் பிரித்தானியா அடைப்பான் வித்திகளைச் சோதித்துப் பார்த்த ஸ்கொட்லாந்தின் குருயினார்ட் தீவு, 1986இல் ஃபோமலின் தெளித்துச் சுத்தம் செய்யப்பட்டு, 1990இல்தான் ஆபத்தற்றதென அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ அரைநூற்றாண்டுக் காலம் மண் அந்த நஞ்சை வைத்திருந்தது.

குரோமோசோம் சொல்வது

2003 மே மாதம் 'நேச்சர்' இதழில் இரண்டின் முழு மரபணுத்தொகுதியும் ஒன்றாக வெளியாயின. அந்த்ராசிஸின் குரோமோசோமில் சுமார் 52 இலட்சம் டி.என்.ஏ. எழுத்துகள். சீரியஸில் 54 இலட்சம். அந்த்ராசிஸின் குரோமோசோமில் நோய்க்குக் காரணமாகலாம் என்று கருதப்பட்ட மரபணுக்களுக்கு ஏறத்தாழ முழுவதும் சீரியஸிலும் இணைகள் இருந்தன. கொடிய நோயின் தனி முத்திரையைக் குரோமோசோமில் தேடியவர்களுக்கு அது அங்கே கிடைக்கவில்லை. 2000ஆம் ஆண்டிலேயே நோர்வே ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், பூச்சிகளைக் கொல்லும் பசில்லஸ் துரின்ஜியென்சிஸையும் சேர்த்து மூன்றையும் ஒரே இனமாகக் கொள்ளலாம் என்று வாதிட்டிருந்தார்கள்.

பிளாஸ்மிட் சொல்வது

வேறுபாடு பிளாஸ்மிட் எனும் சிறு டி.என்.ஏ. வளையங்களில் இருக்கிறது. குரோமோசோம் பரம்பரைக் காணி என்றால், பிளாஸ்மிட் கைமாறும் நகை.

அந்த்ராசிஸிடம் இரண்டு பிளாஸ்மிட்கள். பிஎக்ஸ்ஓ1 சுமார் 1,82,000 எழுத்து நீளம். மூன்று புரதங்களுக்கான மரபணுக்கள் அதில் உள்ளன. முதல் புரதம் நம் கலத்தின் மேற்பரப்பில் ஒட்டி வாசல் திறக்கிறது. அவ்வழியே நுழையும் இரண்டாவது, கலத்துக்குள் செய்தி கடத்தும் நொதிகளை வெட்டிப்போடுகிறது. மூன்றாவது, கலத்தின் நீர்ச் சமநிலையைக் குலைத்து வீக்கம் உண்டாக்குகிறது. சுமார் 95,000 எழுத்துள்ள பிஎக்ஸ்ஓ2, குளுட்டமிக் அமிலச் சங்கிலியால் ஆன உறையைத் தருகிறது. வெண்குருதிக் கலங்கள் அதை விழுங்கத் திணறுகின்றன. ஒரு வளையம் தாக்குகிறது, மற்றது காக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் முழு அடைப்பான். 1930களில் தென்னாபிரிக்காவில் மாக்ஸ் ஸ்டேர்ன் உறையில்லாத ஒரு வகையைப் பிரித்தெடுத்தார். இரண்டாவது பிளாஸ்மிட்டை இழந்த அந்த வகையே இன்றும் உலகெங்கும் மாடுகளுக்குத் தடுப்பூசியாகிறது. தமிழ்நாட்டில் இராணிப்பேட்டையில் 1932இல் தொடங்கிய கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையமும் அடைப்பான் தடுப்பூசி தயாரிக்கிறது.

சீரியஸ் இரு வழிகளில் நோய் தருகிறது. வயிற்றோட்டம் தரும் நச்சுப் புரதங்களின் மரபணுக்கள் குரோமோசோமிலேயே உள்ளன. உணவோடு உள்ளே போன பற்றீரியா சிறுகுடலில் வளர்ந்து அவற்றைச் சுரக்கிறது. 8 முதல் 16 மணி நேரத்தில் வயிறு கலங்கும். இந்தப் புரதங்கள் சூட்டில் சிதைந்துவிடும். வாந்தி தரும் செரியுலைட் அப்படியல்ல. உணவிலேயே உருவாகிவிடும் இந்தச் சிறு வளைய மூலக்கூறு, உண்ட அரை மணி முதல் 6 மணி நேரத்துக்குள் வாந்தியைக் கிளப்பும். 121 பாகை செல்சியஸில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அது கெடுவதில்லை. இரைப்பை அமிலமும் அதை ஒன்றும் செய்வதில்லை. கலத்தின் சக்தி நிலையமான மைற்றோகொண்ட்ரியாவைக் குலைக்கும் என்பதால், அரிதாக ஈரலையும் செயலிழக்கச் செய்யும். சுவிற்சர்லாந்தில் பழைய ஸ்பகெட்டி உண்ட 17 வயது இளைஞர் ஈரல் செயலிழந்து இறந்த சம்பவம் 1997இல் மருத்துவ இதழில் பதிவானது.

செரியுலைட்டை உருவாக்கும் மரபணுக்கள் இருப்பது சுமார் 2,70,000 எழுத்துள்ள ஒரு பிளாஸ்மிட்டில். அதன் அடிப்படைக் கட்டமைப்பு அடைப்பானின் பிஎக்ஸ்ஓ1ஐ ஒத்தது. சோற்றை நஞ்சாக்கும் வளையமும் மாட்டைச் சாய்க்கும் வளையமும் ஒரே வம்சம்.

கட்டளையிடுபவை

சீரியஸின் வயிற்றோட்ட நச்சுகளை இயக்குவது பிஎல்சிஆர் என்ற ஒழுங்குபடுத்தும் புரதம். அந்த்ராசிஸிலும் அதன் மரபணு உண்டு. ஆனால் நடுவில் ஒரு திரிபு விழுந்து அது முடமாகிவிட்டது. அதனால் குரோமோசோமில் உள்ள நச்சு மரபணுக்கள் பெரும்பாலும் ஊமையாகக் கிடக்கின்றன. பிளாஸ்மிட்டிலிருந்து வரும் அட்எக்ஸ்ஏ என்ற வேறோர் ஒழுங்குபடுத்தும் புரதம் அங்கே ஆட்சி செய்கிறது. முடமாகாத பிஎல்சிஆரை அந்த்ராசிஸுக்குள் வைத்துப் பார்த்தபோது, அட்எக்ஸ்ஏயுடன் அது ஒத்துப்போகாமல் வித்தி உருவாவதே தடைப்பட்டது. புதிய ஆயுதத்தைப் பெற்றதற்கு விலையாகப் பழையதை அந்த்ராசிஸ் கைவிட்டிருக்கிறது என்று கொள்ள இது இடம் தருகிறது.

ஆயினும் இரண்டுக்கும் இடையிலான எல்லை முழுதாக மூடப்படவில்லை. அமெரிக்காவின் லூசியானாவில் ஒரு நோயாளியைக் கடும் நுரையீரல் நோயில் தள்ளிய சீரியஸ் வகையில், பிஎக்ஸ்ஓ1ஐ ஏறத்தாழ அப்படியே ஒத்த பிளாஸ்மிட் இருந்தது 2004இல் தெரியவந்தது. ஐவரி கோஸ்ட்டின் 'தாய்' எனப்படும் காட்டில் சிம்பன்சிகளைக் கொன்றதும் அடைப்பானின் இரு பிளாஸ்மிட்களையும் ஏந்திய சீரியஸ் வகைதான். ஒரு பற்றீரியாவின் பெயரை அறிந்ததால் மட்டும் அதன் ஆபத்தை அறிந்தவர் ஆகமாட்டோம். அது எந்தப் பிளாஸ்மிட்டை ஏந்தியிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

அடுப்படியிலும் பட்டியிலும்

திருவிழா அன்னதானத்துக்குக் காலையில் கிடாரத்தில் வடித்த சோற்றை எடுத்துக்கொள்வோம். கொதியில் கலங்கள் சாகின்றன, வித்திகள் தப்புகின்றன. மூடிவைத்த பெருங்கிடாரத்தின் நடுச்சோறு மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். கொதித்த சூட்டில் விழிப்படைந்த வித்திகள் அந்த வெதுவெதுப்பில் முளைத்துப் பெருகும். மாலையில் அதைச் சூடாக்கியோ, ஃபிரைட் ரைஸ் போட்டோ பரிமாறினால் பற்றீரியா சாகும், செரியுலைட் சாகாது. 1970களின் தொடக்கத்தில் பிரித்தானியாவின் சீன உணவகங்களில் அடுத்தடுத்து வாந்தி நோய் பரவியது இதே பழக்கத்தால்தான்: அவித்த சோற்றை வெளியே வைத்துப் பிறகு பொரித்தார்கள். ஆகவே சோறு 60 பாகைக்கு மேல் சூடாக இருக்க வேண்டும். அல்லது அகன்ற தட்டங்களில் பரப்பி விரைவில் ஆற்றிக் குளிர்சாதனப் பெட்டிக்குள் போக வேண்டும். நீரூற்றிப் புளித்த பழஞ்சோற்றில் அமிலம் ஏறுவது சீரியஸின் வளர்ச்சிக்குத் தடைதான். எனினும் நீரூற்றுமுன் நெடுநேரம் வெதுவெதுப்பாகக் கிடந்த சோற்றில் ஏற்கனவே உருவான நஞ்சைப் புளிப்பு நீக்காது.

பட்டியில் நேரம் வேறு விதமாக வேலை செய்கிறது. திடீரென இறந்த மாட்டின் மூக்கிலும் மலவாயிலும் உறையாத கருங்குருதி வடிந்தால் அடைப்பானைச் சந்தேகிக்க வேண்டும். திறக்காத உடலுக்குள் பற்றீரியாவில் பெரும்பகுதி அழுகலில் அழிந்துபோகும். கத்தி பட்டுக் குருதி காற்றைக் கண்டால் வித்திகள் உருவாகி நிலத்தில் இறங்கும். அறுக்காமல், உரிக்காமல், பங்கிடாமல் கால்நடை வைத்தியருக்கு அறிவித்து, அவர் சொல்லும்படி எரிக்கவோ ஆழப் புதைக்கவோ வேண்டும். இறந்த மாட்டை இறைச்சியாக்கி நட்டத்தை ஈடுகட்ட நினைப்பது ஏழைக் குடும்பத்தின் இயல்பான துடிப்பு. அதைக் கண்டித்துப் பயனில்லை. தடுப்பூசியும் இழப்பீடும் உரிய நேரத்தில் கிடைத்தால் அந்தத் துடிப்புக்கே இடமிருக்காது.

இரண்டு பற்றீரியாவும் ஆபத்தாவது நாம் தரும் ஒரு வாய்ப்பில்: சீரியஸுக்கு வெதுவெதுப்பான சில மணி நேரம், அந்த்ராசிஸுக்குத் திறந்த ஓர் உடல். மண்ணிலிருந்து இவற்றை ஒழிக்க முடியாது. இந்த இரண்டு வாய்ப்புகளையும் மறுப்பது ஊரால் முடியும். அன்னதானச் சமையற்காரருக்கும் பட்டிக்காரருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் கால்நடை வைத்தியரும் ஒரே மேடையில் சேர்ந்து இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். மரபணுவில் உறவான இரண்டு பற்றீரியாக்களுக்குமான பாடம் தனித்தனித் திணைக்களங்களில் பிரிந்து கிடக்க நியாயமில்லை.